லிஸ்பன் – ஏதென்ஸ்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

ஐரோப்பா டூருக்குத் திட்டம் போடுகிறவர்கள் நடுவில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: லிஸ்பனிலிருந்து ஏதென்ஸுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்? பதில் ஆளுக்கு ஒன்றாக வரும். ஒருவர் மூன்றரை மணி நேரம் என்பார், இன்னொருவர் நாலேகால் என்பார். டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பவர் ஆறு மணி நேரம் என்று அடித்துச் சொல்வார். மாதிரிக்கு, அதில் பகல் 12:00-க்குப் புறப்பாடு, மாலை 5:50-க்கு வருகை என்று இருக்கும். அங்கிருந்து திரும்பி வருபவரின் டிக்கெட்டில் காலை 10:00, பகல் 12:20 என்று இருக்கும். அவர் கணக்கில் இரண்டேகால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு நேரத்தை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள், அவ்வளவுதான். தூரத்திலும் இதே கதைதான். 1,550 மைல், 1,780 மைல், 2,850 கி.மீ., 2,870 கி.மீ., 4,000 கி.மீ.-க்கு மேல் என்று எல்லாமே கண்ணில் படும். எல்லாமே சரி!

எந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால், அப்புறம் மாட்ரிட்–ரோம், பார்சிலோனா–மால்டா என்று எந்த ஜோடியைக் கொடுத்தாலும் நாமே கணக்குப் போட்டுவிடலாம். லிஸ்பன்–ஏதென்ஸை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அந்தச் சங்கதி நமக்குப் பல விதத்தில் உதவும்.

## எங்கிருந்து எங்கே?

முதலில் எளிய வித்தியாசம். ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம் வேறு, விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் உள்ள தூரம் வேறு. லிஸ்பனின் உம்பெர்ட்டோ டெல்காடோ விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1942-இல் திறந்தபோது ஓரமாக இருந்தது, பிறகு ஊர் வளர்ந்து அதைச் சுற்றிக்கொண்டது. ஏதென்ஸின் எலெஃப்தேரியோஸ் வெனிசெலோஸ் நிலையமோ 2001-இல் நகருக்குக் கிழக்கே ஸ்பாட்டாவில் கட்டப்பட்டது. நகர மையத்திலிருந்து சாலை வழியே முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே மேற்கிலிருந்து வரும் விமானம் ஏதென்ஸ் நகரத்தைத் தாண்டிப் போய்த்தான் இறங்க வேண்டும். நகரக் கணக்கு 2,850 கி.மீ. என்றால், விமான நிலையக் கணக்கு 2,870 கி.மீ. ஆவது இதனால்தான்.

சாலைத் தூரம் தனி ரகம். லிஸ்பனிலிருந்து காரில் கிளம்பினால் ஸ்பெயினைக் கடந்து, பிரான்ஸின் தென்கரையைச் சுற்றி, இத்தாலியின் தலைப்பக்கம் போய், பால்கன் நாடுகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். நடுவில் கடல் இருப்பதால் வேறு வழியில்லை. 4,000 கி.மீ. தாண்டிவிடும். பாதி வழியில் காரைக் கப்பலில் ஏற்றினால் கொஞ்சம் குறையும்.

## வரைபடத்தில் நேர்கோடு, உருண்டையில் வளைவு

லிஸ்பன் விமான நிலையம் 38.8 பாகை வடக்கில் இருக்கிறது, ஏதென்ஸ் விமான நிலையம் 37.9 பாகையில். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்தால் இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட படுக்கைக் கோடு வரும். அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு நேரே கிழக்கே போனால் ஆயிற்று என்றுதான் தோன்றும்.

ஆனால் அது மிகக் குறுகிய வழி இல்லை. வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு தையல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை லிஸ்பனில் விரலால் அழுத்தி, மறுமுனையை ஏதென்ஸில் வைத்து இழுத்து விறைப்பாக்குங்கள். நூல் அட்சரேகையின் மேல் படுத்திருக்காது. நடுப்பகுதி சற்று வடக்கே விலகி நிற்கும். அதைத் தெற்கே தள்ளிப் பாருங்கள், நூல் பற்றாமல் போகும்.

விறைத்த நூல் போகும் அந்தப் பாதையைப் பெருவட்டப் பாதை என்பார்கள். உருண்டையின் மையம் வழியாகச் சரிபாதியாக வெட்டினால் வெட்டு விளிம்பில் கிடைப்பது பெருவட்டம். இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்லும் பெருவட்டத்தின் துண்டுதான் அவற்றுக்கு இடையே உள்ள மிகக் குறைந்த தூரம். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம். மற்ற அட்சரேகைகள் எதுவும் பெருவட்டம் அல்ல, துருவத்தை நெருங்க நெருங்கச் சின்னதாகிக்கொண்டே போகும் வளையங்கள்.

லிஸ்பன்–ஏதென்ஸ் பெருவட்டம் எந்தெந்த ஊர்கள் மேல் போகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் நல்ல சுற்றுலாவாக இருக்கிறது. போர்ச்சுகலைத் தாண்டியதும் எல்லை ஊரான பதாஹோஸுக்குப் பக்கத்தில் ஸ்பெயினுக்குள் நுழைகிறது. வலென்சியா அருகே கடலை எட்டுகிறது. மயோர்கா தீவின் பால்மா மேல் கிட்டத்தட்ட அப்படியே போகிறது. அதற்குச் சற்றுக் கிழக்கேதான் பாதை அதிகபட்சமாக 39.6 பாகை வரை வடக்கே ஏறியிருக்கும். பிறகு சார்தீனியாவின் தென்பகுதி. அப்புறம் இத்தாலியின் கால் பெருவிரல் போலிருக்கும் கலாப்ரியா, அதில் லமேசியா தெர்மே. கிரீஸுக்குள் நுழையும்போது இத்தாக்கா தீவுக்குப் பக்கத்தில் போய், கொரிந்த் வளைகுடாவின் மேலாகப் பறந்து ஏதென்ஸ். பத்து வருடம் கடலில் அலைக்கழிந்து ஒடிஸியஸ் திரும்பிய ஊர் அந்த இத்தாக்கா. லிஸ்பனை நிறுவியதே அவன்தான் என்று போர்ச்சுகலில் ஒரு பழைய ஐதீகமும் உண்டு. அவன் இந்தப் பாதையில் வந்திருந்தால் கதையே இருந்திருக்காது.

சரி, இப்படி வளைந்து போய் எவ்வளவு மிச்சம்? இங்கே அதிகமில்லை. அட்சரேகையை ஒட்டியே போனால் சுமார் 2,885 கி.மீ., பெருவட்டத்தில் 2,870. வெறும் 15 கி.மீ. வித்தியாசம், ஒரு நிமிடப் பறப்பு. பெருவட்டம் என்றதும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிச்சமாகும் என்று எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தூரம் கூடினால்தான் அதன் பலன் பெருகும். லிஸ்பனுக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, அதே அட்சரேகையில் வாஷிங்டன் இருக்கிறது. அந்தப் பயணத்தில் மிச்சம் சுமார் 150 கி.மீ.

விமானத் தூரம் என்று இணையதளக் கால்குலேட்டர்கள் காட்டுவது இந்தப் பெருவட்டத் தூரத்தைத்தான். இரண்டு கால்குலேட்டர்களுக்கு நடுவே ஏழெட்டு கிலோமீட்டர் இடித்தால் கவலை வேண்டாம். ஒன்று பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொண்டிருக்கும். மற்றொன்று இடுப்பில் சற்றுப் பருத்த அதன் உண்மை வடிவத்தை எடுத்துக்கொண்டு 2,877 என்று காட்டும்.

## இரண்டு மைல்

1,550 மைலும் 1,780 மைலும் ஒரே தூரம்தான். முதலாவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அட்சரேகையின் ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்குக்கு ஏறக்குறைய சமம். விமானிகளும் மாலுமிகளும் புழங்குவது இதைத்தான். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் என்றால் ஒரு நாட். இரண்டாவது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சாலைகளில் புழங்கும் 1,609 மீட்டர் மைல். எந்த மைல் என்று போடாத தளத்தை நம்பாமல் கிலோமீட்டருக்குப் போய்விடுவது நல்லது.

## விமானம் நூல் பிடித்தாற்போல் போகுமா?

போகாது, ஆனால் நாம் நினைப்பதைவிட நெருங்கிப் போகும்.

புறப்படும்போதும் இறங்கும்போதும் விமானம் காற்றை எதிர்கொண்டு ஓடுபாதையில் ஓட வேண்டும். லிஸ்பனில் பெரும்பாலும் வடக்கிலிருந்து காற்று வீசும். ஆகவே ஏதென்ஸுக்குப் போகிற விமானம் முதலில் வடக்கு நோக்கிக் கிளம்பி, பிறகுதான் வலப்பக்கம் திரும்பும். ஏதென்ஸில் கோடை முழுக்க மெல்டெமி என்ற வறண்ட வடகாற்று அடிக்கும். அப்போது வட பக்கம் பார்த்து இறங்க வேண்டும் என்பதால், மேற்கிலிருந்து வருகிற விமானம் தெற்கே சுற்றிக்கொண்டு வரும். இந்த வளைவுகளுக்கெல்லாம் கிலோமீட்டர் உண்டு.

நடுவழியிலும் சில தடங்கல்கள். ராணுவப் பயிற்சிக்காக மூடிய வான்பரப்பு இருக்கும், இடிமேகம் இருக்கும், நெரிசல் இருக்கும். முன்பெல்லாம் வானத்தில் நிரந்தரமாக வரைந்துவைத்த வழித்தடங்களில்தான் போக வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று கோணல்மாணலாக. இப்போது ஐரோப்பாவின் பெரும்பகுதியில், உயரே போனபின், நுழையும் புள்ளியிலிருந்து வெளியேறும் புள்ளிக்கு நேராகவே திட்டமிட்டுப் பறக்க விடுகிறார்கள். இதை ஐரோப்பாவில் 2009-இலேயே முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது போர்ச்சுகல்.

எல்லாம் சேர்த்து நீளும் தூரத்துக்கு ஒரு கைக்கணக்கு வேண்டுமென்றால், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் கரிம உமிழ்வுக் கணக்கில் செய்வதைச் செய்யலாம். 550 முதல் 5,500 கி.மீ. வரையான பயணங்களுக்குப் பெருவட்டத் தூரத்தோடு 100 கி.மீ. கூட்டிக்கொள்கிறார்கள். நம் பயணத்துக்கு அது ஏழு நிமிடக் கூடுதல்.

இதோடு ஒரு பழைய சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். விமானம் 11 கி.மீ. மேலே ஏறிப் பறப்பதால் வட்டம் பெரிதாகித் தூரம் கூடாதா என்று கேட்பார்கள். கூடும். 5 கி.மீ. பூமியின் ஆரம் 6,371 கி.மீ.; அதன் பக்கத்தில் 11 கி.மீ. உயரம் ஒன்றுமே இல்லை.

இதுவரை பார்த்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டு எண்கள்தான்: பெருவட்டத் தூரம் 2,870 கி.மீ., பறக்கும் தூரம் அதைவிடச் சற்றுக் கூடுதல். முதலாவது மாறாது. இரண்டாவது நாளுக்கு நாள் மாறும்.

## போகும்போது வேகம், வரும்போது மெதுவா?

இப்போது நேரத்துக்கு வருவோம். ஏதென்ஸுக்குப் போக அட்டவணையில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போடுகிறார்கள். லிஸ்பனுக்குத் திரும்ப நாலேகால் மணி நேரத்தை ஒட்டி. அதே தூரம், அதே ரக விமானம். பிறகு ஏன் வித்தியாசம்?

பலர் சொல்லும் பதில், பூமி சுற்றுவதால் என்பது. கொஞ்சம் யோசித்தால் அது உதைக்கும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. இந்த அட்சரேகையில் தரை மணிக்கு சுமார் 1,300 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. விமானத்துக்குக் கீழே தரை நழுவிப் போகிறது என்பது உண்மையானால், மேற்கே போகிறவருக்கு ஊர் தானாக எதிரே வர வேண்டும். லிஸ்பன் பயணம்தான் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பது நேர் எதிர். காரணம், பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது. அப்படிச் சுற்றாவிட்டால் வாசலில் நிற்கிற நம் மேல் மணிக்கு 1,300 கி.மீ. வேகத்தில் காற்று அடித்துக்கொண்டிருக்கும்.

உண்மையான காரணம் அந்தக் காற்றுக்குள்ளே இருக்கிறது. ஆற்றில் ஓடம் விடுகிறவருக்கு இது தெரியும். துடுப்புப் போடும் வேகம் ஒன்றுதான், ஆனால் நீரோட்டத்தோடு போனால் கரை சட்டென்று பின்னே போகும், எதிர்த்துப் போனால் கரையில் நிற்கும் மரம் நகரவே நகராது. விமானத்துக்கு ஆறு, காற்று. விமானம் சுற்றியுள்ள காற்றைக் கிழித்துப் போகும் வேகத்தைக் காற்றுவேகம் என்றும், தரையில் நிற்பவர் கணக்கில் அது போகும் வேகத்தைத் தரைவேகம் என்றும் சொல்வார்கள். நம்மை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது தரைவேகம்தான். இருக்கைக்கு முன்னால் திரை இருந்தால் அதில் ஓடும் எண்ணும் பொதுவாகத் தரைவேகமே.

இந்த அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்தில், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. பூமத்திய ரேகைப் பக்கம் சூடான காற்று மேலெழும்பித் துருவத்தை நோக்கி நகர்கிறது. போகிற வழியில் பூமியின் சுழற்சியால் கிழக்கே திரும்பிவிடுகிறது. ஆக, பூமி சுற்றுவதற்கு இதில் பங்கு உண்டு, ஆனால் காற்றின் வழியாக. அந்தக் காற்று சில இடங்களில் குறுகிய பட்டையாகத் திரண்டு மிக வேகமாக ஓடும். அதற்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். குளிர்காலத்தில் அது வலுத்து, தெற்கே இறங்கி, மத்தியதரைக்கடல் பக்கம் அதிகமாக வரும். கோடையில் பலம் குறைந்து வடக்கே ஒதுங்கும். அதனால்தான் போக வர நேர வித்தியாசம் குளிர்காலத்தில் கூடுதலாகத் தெரியும்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ320 ரக விமானங்களின் காற்றுவேகம் மேலே போனபின் மணிக்கு சுமார் 830 கி.மீ. மேற்கிலிருந்து மணிக்கு 50 கி.மீ. காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது தரைவேகம் 880; 2,870 கி.மீ.-க்கு 3 மணி 16 நிமிடம். வரும்போது 780, 3 மணி 41 நிமிடம். வித்தியாசம் 25 நிமிடம். அட்டவணையில் காணும் வித்தியாசமும் ஏறக்குறைய அதுதான்.

போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது ஏற்பட்ட நஷ்டமும் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று நினைத்தால், ஆகாது. காற்றே இல்லாவிட்டால் போகவர 6 மணி 55 நிமிடம். மேலே சொன்ன காற்றில் 6 மணி 57. எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், அதனால் போகவரக் கணக்கில் காற்று எப்போதும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். இரண்டு நிமிடம்தானே என்று விட்டுவிடலாம். எரிபொருள் கணக்குப் பார்ப்பவர்கள் விடுவதில்லை.

## 3 மணி 16 நிமிடம் எப்படி 3 மணி 50 நிமிடம் ஆகிறது?

மேலே போட்ட கணக்கு, வாசலில் ஏறியதும் விமானம் 880-இல் பறந்துகொண்டிருப்பதாக எடுத்துக்கொண்டது. அப்படி எந்த விமானமும் போவதில்லை. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 460 கி.மீ. அளவுக்குள்தான் போக வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும், ஓடுபாதைக்கு நேரே வருவதற்கும் சேர்த்து ஒரு கால் மணி நேரம் கூடும். சக்கரம் தரையைவிட்டு எழுந்ததிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை உள்ள இந்த நேரம்தான் பறக்கும் நேரம். நம் பயணத்துக்கு மூன்றரை மணி. முதலில் பதில் சொன்னவர் சொன்னது இதைத்தான்.

டிக்கெட்டில் அச்சடிப்பது இது அல்ல. அங்கே இருப்பது பிளாக் நேரம்: நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கிய நொடி முதல், போன இடத்தில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நொடி வரை. நிற்கும் விமானத்தின் சக்கரங்களுக்கு அணைகொடுக்கும் கட்டையிலிருந்து வந்த பெயர்.

லிஸ்பனில் இந்த இடைவெளி நன்றாகவே தெரியும். நெரிசல் மிகுந்த அந்த நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே ஒன்றுதான். கதவை மூடி, பின்னுக்குத் தள்ளி, எஞ்சின் உறுமத் தொடங்கிய பிறகும் விமானம் ஊர்ந்து ஊர்ந்து வரிசையில் போய் நிற்கும். முன்னே நாலு வால்கள் தெரியும். ஒன்று இறங்கும், ஒன்று கிளம்பும், மறுபடி ஒன்று இறங்கும். மாற்று நிலையத்தை ஆற்றுக்கு அக்கரையில் அல்கொசெத்தே பக்கம் கட்டுவதென்று 2024-இல்தான் அரசு முடிவெடுத்தது. அது வரும்வரை வரிசைதான். ஏதென்ஸில் இணையான இரண்டு ஓடுபாதைகள் இருப்பதால் மூச்சுவிட இடம் உண்டு.

விமான நிறுவனங்கள் இந்த ஊர்வதையெல்லாம் அனுபவத்தில் கண்டு, அதற்குமேல் கொஞ்சம் கூடுதலாகவும் போட்டுவைப்பார்கள். கூடுதல் எதற்கு? பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினாலும் சரியான நேரத்துக்கு வந்துசேர்ந்ததாகக் கணக்குக் காட்டலாம், இணைப்பு விமானம் தப்பாது. குறித்த நேரத்துக்கு முன்பே இறங்கிவிட்டோம் என்று விமானி அறிவிக்கும்போது காற்று உதவியிருக்கலாம். அட்டவணை தாராளமாக இருந்திருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு.

தளங்களில் உள்ள தூர-நேரக் கால்குலேட்டர்கள் இதில் எதையும் பார்ப்பதில்லை. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. போல ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, மேலே அரை மணி நேரத்தைக் கூட்டுவது அவற்றின் வழக்கமான சூத்திரம். 2,870-ஐ 800-ஆல் வகுத்தால் 3 மணி 35 நிமிடம். அரை மணி கூட்டினால் 4 மணி 5 நிமிடம். போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் நடுவில் வந்து விழுகிறது. மோசமில்லை. ஆனால் காற்றை மறந்த கணக்கு என்பதால் இரு திசைக்கும் ஒரே விடையைத் தரும், அதுதான் அதன் குறை.

அந்த அரை மணியின் கனம் குட்டிப் பயணங்களில் தெரியும். லிஸ்பன்–போர்ட்டோ சுமார் 280 கி.மீ. நம் பயணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். ஏறுவதும் இறங்குவதும் ஊர்வதும் தூரம் பார்த்துக் குறைவதில்லை.

ஆக, பறக்கும் நேரம் மூன்றரை. பிளாக் நேரம் போகும்போது நாலுக்குச் சற்றுக் கீழே, வரும்போது நாலேகால். இன்னும் ஆறு மணிக்காரரும் இரண்டேகால் மணிக்காரரும் மிச்சம்.

## கடிகாரம் செய்யும் வேலை

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி. கிரீஸ் போர்ச்சுகலைவிட இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. லிஸ்பனில் பகல் 12:00-க்குக் கிளம்பி 3 மணி 50 நிமிடம் கழித்துச் சேரும்போது லிஸ்பனில் பிற்பகல் 3:50. ஏதென்ஸ் கடிகாரத்தில் அது 5:50. திரும்பும்போது 10:00-க்குக் கிளம்பி 4 மணி 20 நிமிடம் கழித்துச் சேர்ந்தால் ஏதென்ஸில் பிற்பகல் 2:20, லிஸ்பனில் 12:20. கிழக்கே போகும்போது இரண்டைக் கழியுங்கள், மேற்கே வரும்போது இரண்டைக் கூட்டுங்கள். பிளாக் நேரம் கைக்கு வந்துவிடும்.

இந்த இரண்டு மணி நேரம் வருடம் முழுக்க மாறாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாம் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று ஒரே தருணத்தில் கடிகாரத்தை மாற்றுகின்றன. ஒன்றியத்துக்கு வெளியே போனால் இந்த வசதி இல்லை. துருக்கி 2016 முதல் வருடம் முழுக்க ஒரே நேரத்தை வைத்திருப்பதால், ஏதென்ஸுக்கும் இஸ்தான்புல்லுக்கும் கோடையில் வித்தியாசமே இருக்காது, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் இருக்கும்.

நேர மண்டலத்தை வரைபடத்தைப் பார்த்து ஊகிக்கவும் கூடாது. ஸ்பெயினின் பெரும்பகுதி கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே இருக்கிறது; நியாயமாகப் போர்ச்சுகலின் நேரத்தில்தான் இருக்க வேண்டும். 1940-இல் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறிய நாடு அப்படியே தங்கிவிட்டது. ஆகவே நம் விமானம் பதாஹோஸ் பக்கம் எல்லையைத் தாண்டும்போதே கீழே இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடிவிடும். அடுத்த மாற்றம் கிரீஸ் வரும்போதுதான்.

## இதெல்லாம் பணமாக மாறும் இடம்

எந்தத் தூரம், எந்த நேரம் என்பது வெறும் வாய்ப்பேச்சு அல்ல என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி நல்ல சாட்சி. விமானம் ரத்தானாலோ, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலோ பயணிக்கு இழப்பீடு உண்டு. தாமதத்துக்கும் உண்டு என்பது 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நிறுவனத்தின் கையை மீறிய அசாதாரணச் சூழல் என்றால் கிடைக்காது. தொகை தூரத்தைப் பொறுத்தது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ, ஒன்றியத்துக்குள் அதற்கு மேல் 400 யூரோ. அந்தத் தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. லிஸ்பன்–ஏதென்ஸ் 400 யூரோ வகையில் வரும்.

நடுவில் இறங்கி மாறினால்? ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன பயணிகளின் வழக்கு 2017-இல் இதைத் தீர்த்தது. ரோம்–ஹாம்பர்க் நேர்த்தூரம் 1,326 கி.மீ.; பிரஸ்ஸல்ஸ் சுற்றிப் போனதில் 1,656 கி.மீ. கோடு 1,500-இல் இருக்கிறது, எந்தப் பக்கம் விழுகிறது என்பதில்தான் 150 யூரோ. முதலில் ஏறிய இடத்துக்கும் கடைசியாக இறங்கிய இடத்துக்கும் உள்ள பெருவட்டத் தூரமே கணக்கு என்றது நீதிமன்றம். பயணிகளுக்கு 250 யூரோதான்.

நேரத்துக்கும் ஒரு வழக்கு உண்டு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கொலோன்/பான் நிலையத்துக்குப் போன விமானம், குறித்த நேரத்தைவிட 2 மணி 58 நிமிடம் தாமதமாகத் தரையைத் தொட்டது. நிறுத்துமிடத்துக்கு வந்தபோது தாமதம் 3 மணி 3 நிமிடம். சக்கரம் தொட்டதே வருகை என்றால் இழப்பீடு இல்லை. நின்றதுதான் வருகை என்றால் உண்டு. 2014-இல் வந்த தீர்ப்பு இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. கதவு ஒன்றாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்று ஆகும் தருணமே வருகை நேரம். அதுவரை அவர்கள் அடைபட்டே இருக்கிறார்கள், தங்கள் காரியம் எதையும் இயல்பாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்றது.

ஆகவே ஏதென்ஸ் போகும் விமானம் மூன்று மணி நேரத்தை ஒட்டித் தாமதமானால், எழுந்து பெட்டியை எடுக்கும் அவசரத்தில் கதவு திறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள். போனைப் பார்த்துக் குறிப்பதாக இருந்தால் அது ஏதென்ஸ் நேரத்துக்கு மாறிவிட்டதா என்றும் பாருங்கள். இன்னும் லிஸ்பன் நேரத்திலேயே இருந்தால், மூன்று மணி நேரத் தாமதம் ஒரு மணி நேரமாகத்தான் தெரியும்.